சுகர் மாத்திரை பிரஷரையும் குறைக்குமா?

காரைக்குடியில் மருந்துக்கடை கவுன்ட்டரில் நிற்கிறவன் நான். பார்மசி படித்து முடித்ததிலிருந்து இதே வேலைதான். கடைக்கு வருகிறவர்கள் கேட்கிற கேள்விகளில் ஒன்று இப்போதெல்லாம் அடிக்கடி காதில் விழுகிறது: "தம்பி, சுகர் மாத்திரையே பிரஷரையும் குறைச்சிருமாமே, அப்புறம் எதுக்கு ரெண்டையும் போடணும்?" சிலர் போனில் வந்த வீடியோவைப் பார்த்துவிட்டுக் கேட்கிறார்கள். சிலருக்கு மலேசியாவிலோ சென்னையிலோ இருக்கிற பிள்ளைகள் சொல்லியிருப்பார்கள். கேட்கிற எல்லாருக்கும் உள்ளே ஒரே ஆசைதான். கையில் கொட்டிக்கொள்கிற மாத்திரையில் ஒன்றாவது குறையாதா?

பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நம் ஊரில் சுகர் உள்ளவர்களில் பெரும்பாலானோர் சாப்பிடுவது மெட்ஃபார்மின். அது பிரஷரை ஏற்றாது. குறைப்பதும் ஒன்றிரண்டு புள்ளிக்கு மேல் இல்லை. அதை நம்பிப் பிரஷர் மாத்திரையை நிறுத்தக் கூடாது. ஆனால் சுகர் மாத்திரை என்று நாம் பொதுவாகச் சொல்வதில் ஏழெட்டு வகை மருந்துகள் இருக்கின்றன. சில வகைகள் பிரஷரை நிஜமாகவே இறக்கும். ஒரு வகை கால்களில் நீர் கோக்க வைக்கும். உங்கள் வீட்டு மாத்திரைச் சம்படத்தில் எந்த வகை இருக்கிறது என்று தெரியாமல் நானும் பதில் சொல்ல முடியாது, உங்கள் பிள்ளைகளும் சொல்ல முடியாது.

சம்படம் என்று சும்மா சொல்லவில்லை. கானாடுகாத்தான் பக்கத்து ஆச்சி ஒருவர் மஞ்சள் பையிலிருந்து எவர்சில்வர் சம்படத்தை எடுத்து கவுன்ட்டரில் வைத்தார்கள். உள்ளே மாத்திரைப் பட்டைகளைக் கத்தரிக்கோலால் ஒவ்வொன்றாக நறுக்கிப் போட்டிருந்தது. பட்டையின் பின்பக்கம் மருந்தின் பெயர் சாய்வாக ஓடுமல்லவா, நறுக்கியதில் ஒரு துண்டில் 'மெட்', இன்னொன்றில் வெறும் '500', மற்றொன்றில் கம்பெனி முகவரியில் பாதி. "இந்தப் பெரிசு சுகருக்கு. இந்தச் சின்னது பிரஷருக்கு. சுகர் மாத்திரையே பிரஷரையும் பாத்துக்கிருமாம்ல அப்பு, அதான் சின்னதை ஒரு வாரமா நிப்பாட்டிட்டேன்" என்றார்கள். வீட்டிலிருந்து மருந்துச் சீட்டை வரவழைத்து ஒத்துப் பார்த்தோம். அந்தச் சின்னது கிளிமெபிரைடு, அதுவும் சுகருக்கான மாத்திரைதான். பிரஷருக்கான டெல்மிசார்டான், ஆச்சி சத்து மாத்திரை என்று நினைத்துத் தினமும் விடாமல் போட்டுக்கொண்டிருந்த இன்னொன்று. நிறுத்த நினைத்தது ஒன்று, நிறுத்தியது வேறு. வெறும் வயிற்றுச் சுகர் அதற்குள் ஏறியிருந்தது. அன்றைக்கே டாக்டரிடம் அனுப்பி வைத்தோம்.

மாத்திரையை அளவையும் நிறத்தையும் வைத்து அடையாளம் சொல்கிற பழக்கம் நம் பெரியவர்களுக்கு உண்டு. கம்பெனி மாறினால் நிறம் மாறும், வடிவமும் மாறும். பட்டையை நறுக்கத்தான் வேண்டும் என்றால் பெயர் இருக்கிற பக்கத்தைக் கடைசி வரைக்கும் வைத்துக்கொண்டு மற்றதை நறுக்குங்கள். டெல்மிசார்டானை மட்டும் பட்டையிலிருந்து பிரித்து வெறுமனே சம்படத்தில் போட்டு வைக்காதீர்கள். அது காற்றிலிருக்கிற ஈரத்தை இழுத்துக்கொள்ளும். அதற்காகத்தான் அதை இரண்டு பக்கமும் அலுமினியம் வைத்துக் கட்டி விற்கிறார்கள்.

சரி, மெட்ஃபார்மினுக்கு வருவோம். ஐரோப்பாவில் கலேகா என்றொரு செடி உண்டு, நாட்டு வைத்தியத்தில் பழங்காலத்திலிருந்தே புழங்கியது. அதிலிருக்கிற குவானிடின் என்ற பொருள் ரத்தத்தில் சர்க்கரையைக் குறைக்கிறது என்று பின்னால் கண்டுபிடித்தார்கள். அந்தக் குடும்பத்தைச் சேர்ந்த மெட்ஃபார்மினை 1922-ல் டப்ளினில் எமில் வெர்னரும் ஜேம்ஸ் பெல்லும் ஆய்வுக்கூடத்தில் உருவாக்கினார்கள். மனிதர்களுக்குச் சுகர் மருந்தாகக் கொடுத்து முடிவை வெளியிட்டவர் பாரிஸ் டாக்டர் ழான் ஸ்டெர்ன், 1957-ல். அமெரிக்காவில் கடைக்கு வந்ததோ 1995-ல்தான். அதன் முக்கிய வேலை கல்லீரலில் நடக்கிறது. நாம் சாப்பிடாத நேரத்திலும் கல்லீரல் சர்க்கரையைத் தயாரித்து ரத்தத்தில் விட்டுக்கொண்டே இருக்கும். சுகர் உள்ளவர்களுக்கு அது அளவுக்கு மீறிப் போகிறது. மெட்ஃபார்மின் அதை மட்டுப்படுத்துகிறது. கணையத்தைப் பிழிந்து இன்சுலினைக் கூட்டுவதில்லை என்பதால், தனியாகச் சாப்பிட்டால் லோ சுகர் வருவது அரிது.

இது பிரஷரையும் குறைக்கும் என்ற எண்ணம் எங்கிருந்து வந்தது என்றால், அது வெறும் வதந்தியிலிருந்து வந்ததல்ல. அதற்குப் பின்னால் நியாயமான ஒரு யோசனை இருந்தது. டைப் 2 சுகர் உள்ளவர்களுக்கு, குறிப்பாக வயிறு பெருத்தவர்களுக்கு, உடம்பு இன்சுலினுக்குச் சரியாகக் கட்டுப்படுவதில்லை. அதை ஈடுகட்ட இன்சுலின் அதிகமாகச் சுரக்கும். ரத்தத்தில் இன்சுலின் கூடினால் சிறுநீரகம் உப்பை வெளியே விடாமல் பிடித்து வைத்துக்கொள்ளும். நரம்பு மண்டலமும் ரத்தக் குழாய்களை இறுக்கும். இரண்டுமே பிரஷரை ஏற்றுகிறவை. மெட்ஃபார்மின் இந்த இன்சுலின் தேவையைக் குறைக்கிறது, ஆகவே பிரஷரும் குறைய வேண்டும் அல்லவா? 1990-களில் பிரஷர் இருந்த, பருமனான சில பெண்களுக்குக் கொடுத்துப் பார்த்த சின்ன ஆய்வில் குறையவும் செய்தது. அதற்கப்புறம், மருந்தே இல்லாத வெற்று மாத்திரையோடு ஒப்பிட்டுச் செய்த ஆய்வுகள் அப்படிச் சொல்லவில்லை. சுகர் உள்ளவர்களிடம் நடந்த ஆய்வுகளைத் திரட்டி 2004-ல் கணக்குப் பார்த்தபோது மேல் பிரஷரில் வித்தியாசம் ஏறக்குறைய ஒரு புள்ளிதான். அதுவும் தற்செயலாக வந்திருக்கலாம் என்கிற அளவில். சுகர் இல்லாதவர்களிடம் நடந்தவற்றை 2017-ல் இதேபோலத் திரட்டினார்கள். சராசரியாக 2 புள்ளி குறைந்தது. உடல் பருமன் உள்ளவர்களுக்கு 3 புள்ளி, சுகர் வரப்போகிற எல்லையில் நிற்பவர்களுக்கு 5 புள்ளி. கீழ் பிரஷரில் சொல்லும்படியான மாற்றம் இல்லை.

இந்த எண்களைத் தனியாகப் பார்த்தால் பெரிதா சிறிதா என்று புரியாது. அம்லோடிபின், டெல்மிசார்டான் மாதிரியான ஒரு பிரஷர் மாத்திரை வழக்கமான அளவில் மேல் பிரஷரைச் சராசரியாக 9 புள்ளி இறக்கும். 160-ல் நிற்கிற ஒருவர் அதை விட்டுவிட்டு மெட்ஃபார்மினை நம்பினால் ரத்தக் குழாய்க்கு எந்தப் பாதுகாப்பும் கிடைக்காது. கையிலே பட்டி கட்டிப் பார்க்கும்போது காலைக்கும் மாலைக்கும் இடையில் தானாகவே 10 புள்ளி ஏறி இறங்குவது சாதாரணம். அதற்குள் 2 புள்ளி எங்கே தெரியப் போகிறது?

சிலர் என்னிடம் வாதாடுவார்கள். மெட்ஃபார்மின் ஆரம்பித்த பிறகு எனக்குப் பிரஷர் குறைந்தது, என் கண்ணாலேயே பார்த்தேன் என்பார்கள். அவர்கள் சொல்வது பொய்யில்லை. சுகர் என்று தெரிந்த அன்றைக்கே வீட்டில் சமையல் மாறியிருக்கும், காலை நடை தொடங்கியிருக்கும், நாலைந்து கிலோ இறங்கியிருக்கும். எடை இறங்கினால் பிரஷர் இறங்கும். நடந்தது இவர், பேர் வாங்கியது மாத்திரை.

நான் அதிகம் கவலைப்படுவது இந்தக் கணக்கின் இன்னொரு பக்கத்தைப் பற்றி. சுகரும் பிரஷரும் சேர்ந்து இருப்பவருக்குப் பிரஷரைக் கட்டுப்படுத்துவது இரண்டாம்பட்சமான வேலை இல்லை. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் (ஐ.சி.எம்.ஆர்.) நாடு முழுவதும் நடத்தி 2023-ல் வெளியிட்ட ஆய்வின்படி இந்தியாவில் 10 கோடிக்கும் மேற்பட்டவர்களுக்குச் சுகர்; வயது வந்தவர்களில் 35.5 சதவீதம் பேருக்குப் பிரஷர். இரண்டும் சேர்ந்து வருவது மிகச் சாதாரணம். இப்படிப்பட்டவர்களுக்கு எது எவ்வளவு காப்பாற்றுகிறது என்று பிரிட்டனில் 1977-ல் தொடங்கிய பெரிய ஆய்வு ஒன்று 1998-ல் முடிவு சொன்னது. அதில் பிரஷரும் இருந்த 1,148 பேரை இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பகுதியினரின் பிரஷரை இறுக்கமாகப் பிடித்ததில் சராசரி 144/82-ல் நின்றது, மற்றவர்களுக்கு 154/87. பத்துப் புள்ளிதான் வித்தியாசம். அதற்கே பக்கவாதம் 44 சதவீதமும், சுகர் தொடர்பான சாவு 32 சதவீதமும் குறைந்தன.

அதே ஆய்வில் மெட்ஃபார்மினும் நல்ல பேர் வாங்கியது. எடை அதிகமாக இருந்தவர்களுக்கு அதைக் கொடுத்ததில் மாரடைப்பு 39 சதவீதம் குறைந்தது. இதைத்தான் பலர் "இதயத்துக்கு நல்லது" என்று கேள்விப்பட்டு, அப்படியானால் பிரஷருக்கும் நல்லதுதானே என்று முடிச்சுப் போட்டுக்கொள்கிறார்கள். மாரடைப்பைக் குறைத்தது பிரஷரைக் குறைத்ததால் அல்ல.

ஆய்வு முடிந்து பத்து வருஷம் அவர்களைத் தொடர்ந்து கவனித்து 2008-ல் இன்னொன்றும் சொன்னார்கள். மருந்துக்கடைக்கு வருகிற ஒவ்வொருவருக்கும் இதைச் சொல்ல வேண்டும் என்று எனக்குத் தோன்றும். சுகரை ஆரம்பத்திலேயே கட்டுப்படுத்தியவர்களுக்கு அதன் பலன் பல வருஷம் கழித்தும் மிச்சம் இருந்தது. பிரஷரில் அப்படி இல்லை. ஆய்வு முடிந்த இரண்டு வருஷத்துக்குள் இரண்டு குழுவினரின் பிரஷரும் ஒன்றாகிப் போனது, இறுக்கமாகப் பிடித்ததால் கிடைத்திருந்த பாதுகாப்பும் கரைந்து போனது. பிரஷர் மாத்திரை போடுகிற காலம் வரைக்கும்தான் காக்கும். "இப்ப நார்மலா இருக்கே, நிப்பாட்டிட்டேன்" என்று சொல்கிறவர்களுக்கு, நார்மலாக இருப்பதே அந்த மாத்திரையால்தான் என்பதை எத்தனை தடவை வேண்டுமானாலும் எடுத்துச் சொல்லலாம்.

இன்னும் ஒன்று. மெட்ஃபார்மின் உடம்பிலிருந்து வெளியேறுவது சிறுநீரகம் வழியாக. சிறுநீரகம் வடிகட்டும் அளவு (ரத்தப் பரிசோதனைச் சீட்டில் eGFR என்று இருக்கும்) 45-க்குக் கீழே போனால் டோஸைக் குறைப்பார்கள், 30-க்குக் கீழே போனால் நிறுத்திவிடுவார்கள். சிறுநீரகத்தைக் கெடுப்பதில் சுகருக்கு அடுத்த இடம் பிரஷருக்கு. மாசம் நூறு இருநூறு ரூபாயில் முடிகிற மெட்ஃபார்மினைத் தொடர்ந்து சாப்பிட முடிகிற நிலையில் இருக்க வேண்டுமானால் பிரஷரைப் பிடித்தாக வேண்டும். டெல்மிசார்டான், எனலாப்ரில், ராமிப்ரில் ஆகியவை பிரஷரைக் குறைப்பதோடு, சிறுநீரில் புரதம் போகிறவர்களுக்குச் சிறுநீரகம் கெடுவதையும் தாமதப்படுத்துகின்றன. யாராவது நிறுத்தலாமா என்று கேட்கும்போது எனக்குப் பதறுவது இதனால்தான்.

அப்புறம், நிஜமாகவே பிரஷரை இறக்குகிற சுகர் மாத்திரைகள். தபாக்ளிஃப்ளோசின், எம்பாக்ளிஃப்ளோசின் என்று முடிவில் 'ஃப்ளோசின்' வருகிறவை. சர்க்கரையைச் சிறுநீர் வழியே வெளியே தள்ளுவதுதான் இவற்றின் வேலை. சிறுநீரகம் நன்றாக இருக்கிற சுகர்க்காரருக்கு ஒரு நாளைக்கு ஏறத்தாழ 60 முதல் 80 கிராம் சர்க்கரை இப்படிப் போகும். அதோடு உப்பும் தண்ணீரும் போவதால் மேல் பிரஷர் 3 முதல் 5 புள்ளி இறங்கும். இதயம் பலவீனமானவர்களுக்கும் சிறுநீரகம் பாதிக்கப்பட்டவர்களுக்கும் இவை செய்கிற நன்மை பெரிது. எம்பாக்ளிஃப்ளோசினை வைத்து 2015-ல் வெளிவந்த ஆய்வில் ஏற்கனவே இதயநோய் இருந்த சுகர்க்காரர்களிடையே இதயநோய்ச் சாவு 38 சதவீதம் குறைந்தது. முன்பு இவற்றை வாங்குவதற்கு யோசிப்பார்கள். தபாக்ளிஃப்ளோசினின் காப்புரிமை 2020-லும் எம்பாக்ளிஃப்ளோசினுடையது 2025 மார்ச்சிலும் முடிந்தன. விலை சரிந்து, இப்போது எங்கள் ஊர்ச் சீட்டுகளிலும் அடிக்கடி பார்க்கிறேன். பெரும்பாலும் மெட்ஃபார்மினோடு சேர்த்து ஒரே மாத்திரையாகத்தான் வருகின்றன. ஆகவே "நான் மெட்ஃபார்மின்தான் சாப்பிடுறேன்" என்பவருக்குப் பிரஷர் இறங்கினால், கூட ஒளிந்திருப்பது யார் என்று பட்டையைத் திருப்பிப் பார்க்க வேண்டும்.

இதில் கவனிக்க வேண்டியதும் உண்டு. ஏற்கனவே டெல்மிசார்டானோடு நீர் பிரிக்கிற மாத்திரை சேர்ந்தது ஒன்றைச் சாப்பிடுகிறவர்கள்—பட்டையில் பெயருக்குப் பின்னால் 'ஹெச்' என்று இருக்கும்—இதையும் தொடங்கினால் கத்திரி வெயிலில் தண்ணீர் வற்றிப் போய் எழுந்து நிற்கும்போது தலை சுற்றும். நம் பக்கத்து வெயிலைப் பற்றிச் சொல்லத் தேவையில்லை. வாந்தி, பேதி, காய்ச்சல் என்று படுத்துவிட்டால் 'ஃப்ளோசின்' மாத்திரையைத் தற்காலிகமாக நிறுத்துவது பற்றி டாக்டரிடம் அன்றைக்கே கேட்க வேண்டும். ஆபரேஷன் என்றால் மூன்று நாளைக்கு முன்பே நிறுத்துவது வழக்கம். பிறப்புறுப்பில் அரிப்பு வரலாம். இதைப் பெண்கள் வெட்கப்பட்டுச் சொல்லாமலேயே விட்டுவிடுகிறார்கள். கவுன்ட்டரில் சொல்லத் தயக்கமாக இருந்தால் டாக்டரிடமோ நர்ஸிடமோ சொல்லுங்கள். எளிதாகச் சரிசெய்யக் கூடியதுதான்.

வாரம் ஒருமுறை போடுகிற செமாக்ளூடைடு மாதிரி ஊசிகளும் எடையைக் குறைப்பதோடு பிரஷரைச் சில புள்ளிகள் குறைக்கும். சிட்டாகிளிப்டின், வில்டாகிளிப்டின் வகைச் சுகர் மாத்திரைகளுக்குப் பிரஷரோடு பெரிய தொடர்பு இல்லை.

பயோகிளிட்டசோன் என்ற சுகர் மாத்திரை பற்றிச் சொல்ல வேண்டும். இதை 2013 ஜூனில் நம் நாட்டில் நிறுத்தி வைத்து, ஜூலையிலேயே எச்சரிக்கையோடு திரும்ப அனுமதித்தார்கள். எண்ணில் பார்த்தால் பிரஷரை இது லேசாகக் குறைக்கும். ஆனால் உடம்பில் நீர் கோக்க வைக்கும். இதயம் பலவீனமானவருக்கு ஆகாது. பிரஷருக்குக் கொடுக்கிற அம்லோடிபினும் கணுக்காலை வீங்க வைக்கும். இரண்டையும் சேர்த்துச் சாப்பிடுகிறவர் சாயங்காலம் செருப்பு மாட்ட முடியவில்லை என்று வந்து, "கால்ல தண்ணி இறங்க ஒரு மாத்திரை குடு" என்று கேட்பார். நான் கொடுப்பதில்லை. வீக்கத்துக்குக் காரணம் மாத்திரையா, இதயமா, சிறுநீரகமா என்று பார்க்காமல் இன்னொரு மாத்திரையை மேலே ஏற்றுவது ஆபத்து.

சுகருக்கான கிளிமெபிரைடும் பிரஷருக்கான அட்டினலாலும் ஒரே சீட்டில் இருந்தால் வேறொரு எச்சரிக்கை. கிளிமெபிரைடு லோ சுகரைக் கொண்டுவரலாம். லோ சுகர் வந்தால் கை நடுங்கும், நெஞ்சு படபடக்கும், உடனே இனிப்பைத் தேடுவோம். அட்டினலால் அந்த நடுக்கத்தையும் படபடப்பையும் மறைத்துவிடும். வேர்வை மட்டும் மறையாது. திடீரென்று காரணமில்லாமல் குப்பென்று வேர்த்தால் சுகரைப் பார்த்துவிடுங்கள்.

மெட்ஃபார்மினுக்கும் பிரஷருக்கும் நேரடியாகப் பெரிய சம்பந்தம் இல்லை என்றேன். சுற்றுவழியில் ஒன்று உண்டு, அதை எங்கள் கடையில்தான் தெரிந்துகொண்டேன். மெட்ஃபார்மின் தொடங்கியவர்களுக்கு வயிறு உப்பும், பொருமும், சிலருக்குப் பேதியாகும். உடனே என்ன செய்வார்கள்? கடைக்கு வந்து தண்ணீரில் போட்டால் நுரைத்துப் பொங்குகிற உப்புப் பொட்டலம் கேட்பார்கள், தினமும் ஒன்று. அது சோடியம் பைகார்பனேட். ஒரு பொட்டலத்திலேயே முக்கால் கிராமுக்கு மேல் சோடியம் இருக்கும். நாள் முழுக்கச் சாப்பிடுகிற எல்லாவற்றிலும் சேர்த்து 2 கிராம் சோடியத்துக்குள், அதாவது 5 கிராம் உப்புக்குள் இருக்க வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். சுகர் மாத்திரை பிரஷரை ஏற்றிவிட்டது என்று இவர்கள் சொல்வார்கள். ஏற்றியது பொட்டலம். மெட்ஃபார்மினைச் சாப்பாட்டோடு போட்டால், குறைந்த டோஸில் தொடங்கி மெதுவாகக் கூட்டினால், 'எஸ்ஆர்' என்று போட்டிருக்கிற மெதுவாகக் கரையும் வகைக்கு டாக்டர் மாற்றிக் கொடுத்தால் வயிறு பழகிவிடும். (அந்த வகையின் கூடு சில சமயம் மலத்தில் முழு மாத்திரை மாதிரியே வரும். மருந்து உள்ளே இறங்கியிருக்கும், பயப்பட வேண்டாம்.)

பிரஷரை நிஜமாக ஏற்றுகிற மாத்திரை மூட்டுவலி மாத்திரை. செட்டிநாட்டு வீடுகளில் வாசலில் ஏறுகிற படியே நெஞ்சுயரம் இருக்கும். முகப்பு தாண்டி, வளவு தாண்டி, இரண்டாம் கட்டு, மூன்றாம் கட்டு என்று நடப்பதற்குள் முழங்கால் வலிக்கத் தொடங்கிவிடும். டைக்ளோஃபினாக், ஐபுப்ரோஃபென், ஏசிக்ளோஃபினாக் என்று வாரக்கணக்கில் சாப்பிடுகிறார்கள். இவை பிரஷரை ஏற்றும், பிரஷர் மாத்திரையின் வேலையைக் கெடுக்கும், சிறுநீரகத்துக்குப் போகிற ரத்தத்தையும் குறைக்கும். டெல்மிசார்டானும் நீர் மாத்திரையும் சாப்பிடுகிறவர் இதையும் சேர்த்தால் சிறுநீரகம் சட்டென்று படுத்துவிடக் கூடும். சீட்டு இல்லாமல் கேட்டால் தர மாட்டேன் என்று சொல்லி நிறையப் பேரின் கோபத்தை வாங்கியிருக்கிறேன். அதைப் பற்றி எனக்கு வருத்தமில்லை.

சாப்பாட்டைப் பேசாமல் செட்டிநாட்டில் பிரஷரைப் பேச முடியாது. இங்கே எல்லாரும் இனிப்பைத்தான் எதிரியாகப் பார்க்கிறார்கள். கந்தரப்பத்தையும் உக்காரையையும் ஒதுக்குகிறவர்கள், தட்டின் ஓரத்தில் இருக்கிற மோர் மிளகாயையும் ஊறுகாயையும் அப்பளத்தையும் கணக்கில் சேர்ப்பதில்லை. உப்புக்கண்டமும் கருவாடும் உப்பிலேயே காய்ந்தவை. சுகர் வந்ததும் இனிப்பை விட்டவர், வாய்க்கு ருசி வேண்டுமே என்று ஊறுகாயைக் கூட்டிக்கொள்வதை நான் பார்க்கிறேன். கவுணி அரிசி சுகருக்கு நல்லது என்று வாங்கிப் போய், நம் வழக்கப்படி சீனியும் தேங்காயும் நெய்யும் போட்டுக் கிண்டிச் சாப்பிடுகிறவர்களும் உண்டு. அரிசி தவிடு போகாதது என்பதற்காகச் சீனி கரைந்து போகாது.

சென்னையில் டாக்டர் ராமச்சந்திரன் குழுவினர் நடத்தி 2006-ல் வெளியிட்ட ஆய்வு ஒன்று சுகர் வரப்போகிற எல்லையில் இருந்த 531 பேரைப் பார்த்தது. நடையும் சாப்பாட்டுக் கட்டுப்பாடும் சுகர் வருவதை 28.5 சதவீதம் குறைத்தன, மெட்ஃபார்மின் 26.4 சதவீதம். இரண்டையும் சேர்த்தாலும் கூடுதல் லாபம் இல்லை. சுகரைத் தள்ளிப்போடுவதில் நடை மாத்திரைக்கு ஈடு. நடைக்குப் பிரஷரைக் குறைக்கிற குணமும் உண்டு, மாத்திரையை அதற்காக நம்ப முடியாது.

வீட்டில் மிஷின் வைத்துப் பிரஷர் பார்ப்பது நல்ல பழக்கம், பார்க்கிற முறை சரியாக இருந்தால். படியேறி வந்ததும் பார்க்காதீர்கள். ஐந்து நிமிஷம் சாய்ந்து உட்கார்ந்து, கால் இரண்டும் தரையில் பட, கை நெஞ்சு மட்டத்துக்கு ஒரு தலையணையில் இருக்க வேண்டும். பேசக் கூடாது. காபி குடித்தோ வெற்றிலை புகையிலை போட்டோ அரை மணி நேரம் ஆகியிருக்க வேண்டும். ஒரு நிமிஷ இடைவெளியில் இரண்டு தடவை பார்த்துத் தேதியோடு எழுதுங்கள். சுகர் ரொம்ப வருஷமாக இருக்கிறவர்கள் எழுந்து நின்ற பிறகும் ஒருமுறை பார்க்க வேண்டும். நின்ற மூன்று நிமிஷத்துக்குள் மேல் பிரஷர் 20 புள்ளி இறங்கினால் நரம்பு பாதிப்பாகவோ மருந்து அதிகமாகவோ இருக்கலாம், உடனே டாக்டரிடம் சொல்ல வேண்டும். ராத்திரி பாத்ரூம் போக எழுந்து ஆத்தங்குடிக் கல் தரையில் விழுந்து இடுப்பு எலும்பு முறிகிற பெரியவர்கள் நம் ஊர்களில் குறைவில்லை. கால் மரத்துப் போவதற்கு மெட்ஃபார்மினும் ஒரு காரணமாக இருக்கலாம். பல வருஷம் சாப்பிட்டால் பி12 சத்து குறையும், ரத்தப் பரிசோதனையில் தெரிந்துவிடும். சைவச் சாப்பாட்டுக்காரர்கள் கேட்டுப் பார்த்துக்கொள்வது நல்லது.

தமிழ்நாடு அரசின் 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டம் 2021 ஆகஸ்ட் 5-ல் கிருஷ்ணகிரி மாவட்டத்துச் சாமனப்பள்ளியில் தொடங்கியதிலிருந்து சுகர், பிரஷர் மாத்திரைகளை வீடு தேடி வந்து கொடுக்கிறார்கள். பிள்ளைகள் வெளியூரில் இருக்க, பெரிய வீட்டில் தனியாக இருக்கிற பெரியவர்களுக்கு இது எவ்வளவு பெரிய உதவி என்பதைப் பக்கத்தில் இருந்து பார்க்கிறேன். ஒன்றை மட்டும் கவனியுங்கள். வீட்டுக்கு வருகிற மெட்ஃபார்மினையும், தனியார் டாக்டர் எழுதிய கூட்டு மாத்திரைக்குள் இருக்கிற மெட்ஃபார்மினையும் இரண்டு தனி மருந்து என்று நினைத்துச் சேர்த்துச் சாப்பிடுகிறவர்கள் இருக்கிறார்கள். பெயர் வேறாக இருப்பதால் தெரிவதில்லை. இரண்டு பட்டையையும் மருந்துக்கடையில் காட்டிக் கேளுங்கள், காசு கேட்க மாட்டோம்.

தைப்பூசத்துக்குக் குன்றக்குடியிலிருந்து பழனிக்கு நடக்கிறவர்கள் மார்கழியிலேயே வந்து மருந்து கேட்பார்கள். அவர்களுக்கு நான் சொல்வதை இங்கேயும் எழுதிவிடுகிறேன். கிளம்புவதற்கு இரண்டு வாரத்துக்கு முன் டாக்டரைப் பாருங்கள். தினமும் அவ்வளவு தூரம் நடக்கும்போது சுகரும் இறங்கும், பிரஷரும் இறங்கும். கிளிமெபிரைடு, இன்சுலின் டோஸைக் குறைக்க வேண்டியிருக்கலாம். 'ஃப்ளோசின்' வகையும் நீர் மாத்திரையும் நடை நாட்களில் வேண்டுமா என்று பெயர் சொல்லிக் கேளுங்கள். மெட்ஃபார்மினை, வாந்தி பேதி இல்லாத வரைக்கும், பொதுவாகத் தொடரச் சொல்வார்கள். பிரஷர் மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள். டாக்டர் குறைத்தால் எந்தத் தேதியிலிருந்து பழையபடி தொடங்க வேண்டும் என்பதையும் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். இடுப்பில் கொஞ்சம் சர்க்கரை முடிந்துகொள்ளுங்கள். மாத்திரைகளைப் பட்டையோடு எடுத்துப் போங்கள், மருந்துச் சீட்டை போட்டோ எடுத்துக் கூட நடக்கிறவர் போனுக்கும் அனுப்பி வையுங்கள்.